நாற்பது என்னும் வேலி

கண்ணிழந்த பின்னரே கூரத்தாழ்வான் வரதராஜ ஸ்தவம் பாடினார் என்கிறது வைணவ மரபு. அவர் பிறந்த கூரத்திலோ பிற ஊரிலோ, ‘குறைபாடு 40 விழுக்காடு இல்லை’ என்று சொல்லி ஒரு குழந்தைக்குப் பள்ளியில் துணை மறுக்கப்படுமாயின் நாம் வாளாவிருக்கலாமோ?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், 6 முதல் 18 வயது வரையிலான இலவசக் கல்வியைக் கூறும் 31ஆம் பிரிவுக்கே அந்த 40 அளவுகோல். தேவைக்கேற்ற ஏற்பாடுகளைக் கூறும் 16ஆம் பிரிவில் அவ்வேலி இல்லை. சான்றிதழே பிழையெனில், மேல்முறையீட்டுக்கு 59ஆம் பிரிவு உண்டு.

கணக்குக் காட்டாதவரை வாரியத்துக்கு ஆகாதென விலக்கியது உத்திரமேரூர்க் கல்வெட்டு. மறுப்போரும் கணக்குக் காட்டட்டும். வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வராத மறுப்பை எதிர்த்து வழக்காடுவது எங்ஙனம்?