விடுமுறைத் தீவும் காட்டுப்பள்ளியும்

பொன்னேரியில் பிறந்து வளர்ந்து, இப்போது ஜெர்மனியில் பணியாற்றும் என் முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தார். குடும்பத்துடன் ஒரு வாரம் லான்சரோட்டே தீவில் விடுமுறையைக் கழித்ததாகக் கூறிப் படங்களைக் காட்டினார். ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில், ஸ்பெயினுக்கு உரிய கேனரி தீவுகளுள் ஒன்று அது. எரிமலைக் குழம்பு உறைந்த கரிய நிலம், மரங்கள் அரிது, மழையும் அரிது. "அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?" என்று கேட்டேன். "வெயில், காற்று, கடற்கரை. அவ்வளவுதான் ஐயா" என்றார்.

இம்மூன்றும் உன் ஊருக்குக் கிழக்கே, காட்டுப்பள்ளியில் இருக்கின்றனவே என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ஏனெனில், காட்டுப்பள்ளி என்றால் இன்று எவருக்கும் விடுமுறை நினைவுக்கு வராது. துறைமுகமும் சரக்குப் பெட்டக லாரிகளும்தான் நினைவுக்கு வரும்.

ஆனால், காட்டுப்பள்ளியும் ஒரு தீவுதான். தெற்கே எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வடக்கே பழவேற்காடு முகத்துவாரத்துக்கும் இடையில், கிழக்கே வங்கக் கடலும் மேற்கே கழிமுகமும் பக்கிங்ஹாம் கால்வாயும் சூழ, குறுகி நீண்டு கிடக்கும் மணல் திட்டு அது. லான்சரோட்டேயை நெருப்பு உருவாக்கியது. காட்டுப்பள்ளியை அலையும் காற்றும் உருவாக்கின. பாறைத் தீவு நிலைத்து நிற்கும். மணல் தீவோ, மணல் வந்து சேரும் வரைதான் நிற்கும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது அவசியம்.

மக்கள் ஏன் பெரும் பணம் செலவிட்டு ஒரு வறண்ட எரிமலைத் தீவுக்குச் செல்கிறார்கள்? வடக்கு ஐரோப்பியருக்குக் குளிர்காலத்தில் கிடைக்காத வெயில் அங்கே கிடைக்கிறது. ஓயாது வீசும் காற்று வெப்பத்தைத் தணிப்பதோடு, பாய்ப்பலகை விளையாட்டுக்கும் ஏற்றதாக இருக்கிறது. வேறெங்கும் காணாத நிலத்தோற்றம் கண்ணை ஈர்க்கிறது. இவை எவையும் தொழிற்சாலையில் உற்பத்தியாகாதவை. உருவாக்கச் செலவில்லை, ஆனால், ஒருமுறை அழித்துவிட்டால் எவ்வளவு செலவிட்டாலும் திரும்பப் பெற இயலாது.

இத்தகைய பொருள்களுக்குச் சந்தையில் விலைச்சீட்டு இல்லை. அதனால் அவற்றின் மதிப்பு சுழியம் என்று கருதிவிடக் கூடாது என்பதைப் பொருளியல் வெகுகாலத்துக்கு முன்பே உணர்ந்துவிட்டது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஹெரால்ட் ஹோட்டலிங், 1947-இல் அந்நாட்டின் தேசியப் பூங்காத் துறைக்கு எழுதிய கடிதத்தில் ஓர் எளிய வழியைச் சொன்னார். ஓர் இடத்தைக் காண மக்கள் எவ்வளவு தொலைவிலிருந்து, எவ்வளவு செலவிட்டு வருகிறார்கள் என்று பாருங்கள். அதிலிருந்து அவ்விடத்தின் மதிப்பைக் கணக்கிடலாம் என்பதே அது. 'பயணச் செலவு முறை' என்று இன்று பாடநூல்களில் கற்பிக்கப்படுவது அக்கடிதத்தின் வழி வந்ததுதான்.

இம்முறையை வடசென்னைக் கடற்கரைக்குப் பொருத்திப் பார்த்தால் வியப்பான செய்தி ஒன்று தெரிகிறது. ஒரு காலத்தில் சென்னையில் வாழ்ந்த ஐரோப்பியர்கள் ஓய்வுக்கும் படகுப் பயணத்துக்கும் நாடிச்சென்ற இடம் எண்ணூர். 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்டு, பின்னர் நீட்டிக்கப்பட்டு, 1878-இல் பக்கிங்ஹாம் கால்வாய் எனப் பெயர் பெற்ற நீர்வழி அங்கே செல்வதை எளிதாக்கியது. காற்று வாங்கக் கட்டணமின்றிக் கிடைத்த அதே கரையில்தான் பிற்காலத்தில் அனல் மின்நிலையங்களும் சாம்பல் குட்டைகளும் வந்தன. மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓய்வுக்கு, எண்ணூர்ச் சாலை உழைப்புக்கு என்ற பிரிவினை இயற்கை வகுத்தது அன்று, நாம் வகுத்தது.

இந்தப் பிரிவினையின் தொடக்கத்தையும் மணலிலேயே காணலாம். இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர்கள் எழுப்பப்பட்டபோது அந்த நகர்வு தடைபட்டது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாச்சாலை அமைத்தார். சுவருக்கு வடக்கே, மணல் வராத ராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. இன்றும் அங்கே கருங்கற்களைக் கொட்டித்தான் சாலையையும் வீடுகளையும் காத்து வருகிறோம். தென்சென்னை மாலையில் உலவும் மணலில் ஒரு பகுதி, வடசென்னை இழந்த மணல். ஒருவரின் செயலால் மற்றொருவர் சுமக்க நேரும் கணக்கில் வராத செலவுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை என் வகுப்பில் நான் தந்ததில்லை.

அந்த வரிசையில்தான் காட்டுப்பள்ளி வருகிறது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. இன்று அது காமராஜர் துறைமுகம். 2010-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டது. 2013-இல் எல் அண்ட் டி நிறுவனத்தின் காட்டுப்பள்ளித் துறைமுகம் இயங்கத் தொடங்கி, 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. ஏறத்தாழ 330 ஏக்கரில் உள்ள அத்துறைமுகத்தை 6,110 ஏக்கருக்கு விரிவாக்கவும், ஆண்டுக்கு 2.46 கோடி டன்னாக உள்ள கையாளும் திறனை 32 கோடி டன்னாக உயர்த்தவும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர், கடலைத் தூர்த்துப் பெற வேண்டியது. மீனவர்களின் எதிர்ப்புக்கிடையே, 2021-இலும் 2023-இலும் அறிவிக்கப்பட்ட பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன.

துறைமுகங்கள் வேண்டாம் என்று பொருளியல் படித்த எவரும் கூற இயலாது. கும்மிடிப்பூண்டியிலும் திருப்பெரும்புதூரிலும் உற்பத்தியாகும் பொருள்கள் கடல் கடந்து போகத்தான் வேண்டும். அவற்றால் வேலை பெற்ற குடும்பங்களில் என் மாணவர்களின் குடும்பங்களும் உண்டு. ஆனால், துறைமுகம் வேண்டுமா, வேண்டாமா என்பதன்று இங்குள்ள கேள்வி. 40 கிலோமீட்டருக்குள் ஏற்கெனவே மூன்று துறைமுகங்கள் இருக்கும் கரையில், கூடுதலாக எடுக்கும் ஒவ்வோர் ஏக்கரும் தரும் பயன், அந்த ஏக்கர் இன்று தந்துகொண்டிருக்கும் பயனைவிட அதிகமா என்பதே கேள்வி. இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால், அந்த ஏக்கர் இன்று தரும் பயனை முதலில் எழுதி வைத்தாக வேண்டும். திட்ட வரைவுகளில் அந்தப் பத்திதான் வெறுமையாக இருக்கிறது.

அப்பத்தியில் எழுதப்பட வேண்டியவை பல. கடலின் சீற்றத்துக்கும் உள்நிலத்துக்கும் இடையே அரணாக நிற்பது இந்த மணல் திட்டு. பெருமழைக் காலத்தில் கொசஸ்தலையாற்றின் வெள்ளம் பரவி, வடிந்து, கடல் சேரும் இடம் அதன் பின்னுள்ள கழிமுகம். இறாலும் நண்டும் மீனும் குஞ்சு பொரித்து வளரும் நாற்றங்காலும் அதுவே. வடக்கே உள்ள பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. குளிர்காலத்தில் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் கூடும் நீர்ப்பரப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தபோது, மீனவர்களின் வலையும் படகும் வருமானமும் ஒருசேரப் பாழாயின. இழந்த பிறகு நிவாரணத் தொகையாக மட்டுமே இம்மதிப்பை அரசு கணக்கிடுகிறது. இழப்பதற்கு முன் கணக்கிடுவதுதானே முறை?

அப்படியானால், காட்டுப்பள்ளியை லான்சரோட்டேயாக மாற்றிவிடலாமா? அந்தத் தீவின் வரலாறு நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. முதலாவது நல்ல பாடம். 1730 முதல் 1736 வரை ஆறு ஆண்டுகள் பொங்கிய எரிமலைக் குழம்பு அத்தீவின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை மூடிவிட்டது. அங்குள்ள உழவர்கள் எரிமலைச் சாம்பலில் குழி தோண்டி, காற்றைத் தடுக்கப் பிறைவடிவக் கற்சுவர் எழுப்பி, ஒவ்வொரு குழியிலும் திராட்சைக் கொடியை வளர்த்தனர். குடிநீர் இல்லாத அத்தீவு, 1960-களின் நடுவிலேயே காட்டுப்பள்ளியைப் போலக் கடல்நீரைக் குடிநீராக்கத் தொடங்கியது. சுற்றுலா பெருகியபோது, அங்கே பிறந்த ஓவியர் சேசர் மன்ரீக், உயர்ந்த கட்டடங்களும் சாலையோர விளம்பரப் பலகைகளும் தீவை மறைத்துவிடாமல் இருக்கப் போராடினார். எரிமலைக் குகைகளையும் முகடுகளையும் காண்பதற்கான கட்டணம் தீவின் உள்ளாட்சி மன்றத்துக்கே போய்ச் சேருகிறது. 1993-இல் லான்சரோட்டேவை உயிர்க்கோளக் காப்பகமாக யுனெஸ்கோ ஏற்றது.

இரண்டாவது, எச்சரிக்கை. கேனரி தீவுகளில் வாழ்பவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். ஆண்டுக்கு வரும் பயணிகளோ ஒன்றரைக் கோடிக்கும் அதிகம். வீட்டு வாடகை உள்ளூர் மக்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. தண்ணீருக்கும் நிலத்துக்கும் நெருக்கடி. 2024 ஏப்ரல் 20 அன்று தீவுகளெங்கும் பல்லாயிரவர் தெருவில் இறங்கி, சுற்றுலாவுக்கு ஓர் எல்லை வேண்டும் என்று முழங்கினர். உள்ளூர் மக்களைக் கேட்காமல் வரும் தொழில், துறைமுகமாக இருந்தாலும் சொகுசு விடுதியாக இருந்தாலும், விளைவில் பெரிய வேறுபாடு இராது.

நம் உச்ச நீதிமன்றமும் இதை வேறொரு வகையில் கூறியிருக்கிறது. விடுதி ஒன்றின் வசதிக்காக இமாசலத்தில் பியாஸ் ஆற்றின் போக்கு மாற்றப்பட்டது தொடர்பான எம்.சி. மேத்தா - கமல்நாத் வழக்கில், 1996-இல் 'பொது அறக்காப்பு' என்னும் கோட்பாட்டை அது இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. ஆறு, கடற்கரை, காடு போன்றவற்றுக்கு அரசு உரிமையாளர் அன்று. மக்களுக்காக அவற்றைக் காக்கும் பொறுப்பாளர் மட்டுமே என்பது அதன் சாரம். மற்றவர் சொத்தைக் காக்கும் பொறுப்பாளர், அதன் மதிப்பே தெரியாமல் கைமாற்றிக் கொடுப்பது அறமாகாது.

எல்லாவற்றையும் சுற்றுலாத் தலமாக்க வேண்டும் என்பதுமில்லை. நம் நாட்டில் செயல்படும் ஒரே எரிமலை, அந்தமான் கடலில் உள்ள பேரன் தீவு. 1787-இல் அதன் சீற்றம் முதன்முதலில் பதிவு செய்யப்பட்டது. நெடுங்காலம் அடங்கியிருந்து 1991-இல் மீண்டும் விழித்தது. அங்கே மக்கள் இல்லை. பயணிகள் கப்பலில் இருந்தபடி பார்க்கலாமே தவிர, கரையேற முடியாது. இருந்தும் அத்தீவு நமக்கு மதிப்பற்றது என்று யாரும் சொல்வதில்லை. நேரில் காணாதவர்களும் ஓர் இடம் இருப்பதையே மதிக்கிறார்கள் என்பதை ஜான் குருட்டில்லா 1967-இல் பொருளியலுக்குள் கொண்டுவந்தார். அதை 'இருப்பு மதிப்பு' என்கிறோம்.

காட்டுப்பள்ளிக்கு நான் வேண்டுவது மிகச் சில. துறைமுகத்துக்கு வடக்கே பழவேற்காடு முகத்துவாரம் வரை எஞ்சியிருக்கும் கரை, நிலையான கட்டடங்கள் எழாத பொதுக் கரையாக அறிவிக்கப்பட வேண்டும். குளிர்காலத்தில் பறவைகளைக் காணவும், 17-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் நிறுவிய பழவேற்காட்டுக் குடியிருப்பின் எச்சமான கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கவும், காற்று வாங்கவும் வருவோர் பகலில் வந்து மாலையில் திரும்பட்டும். அவர்கள் தரும் பணம் உள்ளூர் மீனவர் கூட்டுறவு வழியே செல்லட்டும். பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. மீன்பிடிக்கும் இடங்களைக் குலுக்கலிலும் முறை வைத்தும் பகிர்ந்துகொள்வது அது. பயணிகளின் படகுகளுக்கும் அதே முறையை ஏற்றுக்கொண்டால், வலியவர் மட்டுமே வருவாயை அள்ளும் நிலை வராது.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். உயிர்காப்பு உடையும் பயணிகள் எண்ணிக்கைக்கு வரம்பும் தேர்ந்த படகோட்டியும் இல்லாத இடத்தில் சுற்றுலாவே வேண்டாம். இவற்றை உறுதி செய்வது துறைமுகம் கட்டுவதைவிட எளிது, மலிவும்கூட.

விடைபெறும்போது என் மாணவர், "அடுத்த முறை பிள்ளைகளைப் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன் ஐயா, அவர்கள் பார்த்ததே இல்லை" என்றார். அழைத்துப் போகச் சொன்னேன். ஒரு வாரம் வெயிலும் காற்றும் மணலும் கிடைக்க அவர் செலவிட்ட தொகை, அவருடைய வங்கிக் கணக்கில் பதிவாகியிருக்கும். அதே வெயிலும் காற்றும் மணலும் தம் ஊருக்கருகே எவ்வளவு பெறும் என்பது எந்தக் கணக்கிலும் பதிவாகவில்லை. காட்டுப்பள்ளியைப் பற்றி அடுத்த முடிவு எடுக்கப்படும் முன், அந்த ஒரு தொகையை மட்டுமாவது அரசு கணக்கிட்டு மக்கள் முன் வைக்கட்டும்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர், பணி ஓய்வு)