டிஎன்ஏவைத் தின்றது யார்?

கதிர் பட்டதும் பாக்டீரியாவின் டிஎன்ஏ பொடிப்பொடியாகிறது, அதனால் அது சாகிறது. பாடக் குறிப்புகளிலும் தண்ணீர் சுத்திகரிப்பான் விளக்கங்களிலும் அடிக்கடி வரும் வாக்கியம் இது. சாவது உண்மை. பொடியாக்கியது யார் என்பதில்தான் கதை தடம் புரள்கிறது.

கிருமிநீக்கி விளக்கின் 254 நானோமீட்டர் புற ஊதா ஒளி டிஎன்ஏ இழையை நேரடியாக அறுப்பது அரிது. பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துத் தைமின் எழுத்துகளைப் பிணைத்துவிடுகிறது, அவ்வளவே. ஆனால் ரெக்-ஏ மரபணு பழுதான ஈ. கோலை செல்களில் இதே ஒளிக்குப் பிறகு டிஎன்ஏவில் பெரும்பகுதி காணாமல் போவதை 1960களிலேயே மரபியலாளர்கள் கண்டார்கள். அதுவும் எப்போது? விளக்கை அணைத்து, செல்களை வளர்ப்பு ஊடகத்தில் விட்ட பிறகு! கதிரே காரணமென்றால் விளக்கு எரியும்போதே வேலை முடிந்திருக்க வேண்டும்.

தின்பது ரெக்பிசிடி என்ற நொதி. செல்லின் சொந்தச் சரக்கு. உள்ளே நுழையும் வைரஸின் டிஎன்ஏவைத் துண்டாடும் காவலும் அதுதான். பிணைந்த தைமின்களில் நகலெடுப்பு தடுமாறி அறுந்த முனை உண்டானால், அதைப் பற்றிக்கொண்டு நொடிக்கு ஏறத்தாழ 1,000 எழுத்து வேகத்தில் ஓடும். ஈ. கோலையின் 46 லட்சம் எழுத்துகளுக்கு அந்த வேகத்தில் ஒன்றரை மணி நேரம்கூட வேண்டாம். வழியில் ஓர் எட்டெழுத்துக் குறி குறுக்கிட்டால் தின்பதை அடக்கிக்கொண்டு, ரெக்-ஏ புரதத்தை இழையில் ஏற்றிப் பழுதுபார்ப்பைத் தொடங்கிவைக்கும். ஏற்றுவதற்கு ரெக்-ஏ இல்லாத செல்லில்? வேலியே பயிரை மேய்கிறது.

அப்படியானால் சாவுக்குக் காரணம் இந்தச் சிதைவுதானா? அதுவும் அவசர முடிவு. ரெக்-ஏவுடன், ரெக்பிசிடி நொதியின் ஒரு பகுதியான ரெக்-பியும் பழுதான செல்களில் சிதைவு அடங்கிவிடுகிறது. செல்களோ அப்போதும் சாகின்றன. பழுதுபார்க்க ஆளில்லாததே அடிப்படைச் சிக்கல்.

'கதிரைத் தாங்கும் பாக்டீரியாவின் டிஎன்ஏ உடையாது' என்பதும் நிற்காது. 1956இல் அமெரிக்காவின் ஓரிகானில், கதிரூட்டியும் கெட்டுப்போன டின் இறைச்சியில் கிடைத்தது டெய்னோகாக்கஸ் ரேடியோடூரன்ஸ். மனிதரைக் கொல்ல 5 கிரே அளவு காமா கதிர் போதும். இது 5,000 கிரேயைத் தாங்கும். அந்த அளவில் இதன் டிஎன்ஏவும் நூற்றுக்கணக்கான துண்டுகளாகிறது, சில மணி நேரத்தில் மறுபடி சேர்கிறது. சேர்த்துவைக்கும் புரதங்களை இதன் மாங்கனீஸ் சேர்மங்கள் காக்கின்றன என்பது மைக்கேல் டேலி குழுவினரின் வாதம்.

இன்னொன்று: ரெக்-பி, ரெக்-சி இரண்டும் இதற்குக் கிடையாது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் ஈ. கோலையிடமிருந்து அவற்றை இதற்குள் புகுத்திப் பார்த்தார்கள். காமா கதிரைத் தாங்கும் திறன் குறைந்தது.