எண்ணப்படாத வெயிற்சாவுகள்

வேனில் வந்ததும் அரசின் நலவாழ்வுத் துறை ஆண்டுதோறும் ஓர் அறிவுரையை வெளியிடுகின்றது. நண்பகலில் வெளியே செல்லற்க. தாகம் எடுக்கும் முன்னரே நீர் பருகுக. தலையை மூடிக்கொள்க என்பன அதன் கூறுகள். அறிவுரையில் பிழை ஏதும் இல்லை. ஆனால், அஃது யாரை நோக்கிச் சொல்லப்படுகின்றது? கொதிக்கும் கீலை ஊற்றிச் சாலை போடுவோனும், சூளையில் செங்கல் அடுக்குவோனும், தூத்துக்குடி உப்பளத்தில் கண் கூசும் வெண்மையின் நடுவே உப்பு வாரும் பெண்ணும் அன்றாடக் கூலிக்கு உழைப்போர். அவர்கள் நண்பகலில் வீட்டினுள் அடங்கியிருந்தால் மாலையில் அவர்கள் வீட்டில் உலை ஏறாது. நிழலில் இருக்க வாய்ப்புள்ளவனைப் பார்த்து நிழலில் இரு என்பது காப்பு ஆகுமா?

தமிழக அரசு 2024 அக்தோபரில், கடும் வெப்பத்தை மாநிலப் பேரிடர் என அறிவித்து ஆணை பிறப்பித்தது. வெப்பத்தால் இறந்தோர் குடும்பத்திற்கு 4 இலக்கம் உருபா வழங்க அவ்வாணை வழிசெய்தது. வரவேற்கத்தக்க செயலே இது. நடுவணரசின் பேரிடர்ப் பட்டியலில் அன்று பன்னிரண்டு இடர்கள் இருந்தன. வடபுலத்தை வாட்டும் குளிரலையும் உறைபனியும் பனிச்சரிவும் அதில் இடம்பெற்றிருந்தன, வெயிலுக்கு இடமில்லை. அதனால்தான் மாநிலம் தானே ஆணையிட வேண்டியதாயிற்று.

ஆயினும் அவ்வாணையின் பயன் முழுவதும் ஒரு சிறு தாளைப் பற்றிக்கொண்டு நிற்கின்றது. இறப்பின் காரணம் வெப்பமே என்று உரிய அதிகாரி சான்று தருதல் வேண்டும். இங்குதான் ஏழையின் வழி அடைபடுகின்றது.

வெப்பம் கொல்லும் முறை அத்தகையது. உடலின் உள்வெம்மை 40 பாகை செல்சியசைக் கடந்து அறிவு தடுமாறுமாயின் மருத்துவர் அதனை வெப்பத்தாக்கு என்பர். உடனே குளிர்நீரால் உடலைத் தணித்தால் உயிர் பிழைக்கும். தணிக்காவிடில் மூளையும் ஈரலும் சிறுநீரகமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கெடும். ஆனால் இவ்வாறு சாவோர் சிலரே. ஏற்கெனவே நெஞ்சகம் நலிந்த முதியவரும், சிறுநீரகம் குன்றியவரும், நீரிழிவு உற்றவருமே மிகப் பலராக இறக்கின்றனர். அவர்தம் சான்றில் மாரடைப்பு என்றோ முதுமை என்றோ எழுதப்படும். இறந்து சில மணிநேரம் சென்றபின் உடலை ஆய்ந்தாலும் வெப்பம் தன் கைத்தடத்தைத் தெளிவாக விட்டுச் செல்வதில்லை. வீட்டுத் திண்ணையில் இறந்தவர்க்கோ ஆய்வே இல்லை.

1995 சூலையில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இதே வழக்கு எழுந்தது. பிணஆய்வுத் தலைமை மருத்துவர் எட்மண்டு தோனகியூ, நூற்றுக்கணக்கானோர் வெப்பத்தால் இறந்தனர் என்று எழுதினார். நகரத் தலைவர் இரிச்சர்டு தேலி அக்கணக்கை ஐயுற்றுப் பேசினார். முடிவில் மருத்துவர் கணக்கே நின்றது. அவ்வொரு கிழமையில் இயல்புக்கு மேல் இறந்தோர் 739 பேர் எனத் தெரியவந்தது. தனியே வாழ்ந்த ஏழை முதியோரே அவர்களுள் மிகுதி. நான்கு ஆண்டுகள் கழித்து 1999-இல் மீண்டும் வெயில் கொளுத்தியபோது, நகராட்சி குளிர்மனைகளைத் திறந்தது. காவலரை முதியோர் வீடுகளுக்கு அனுப்பியது. அவ்வாண்டு இறந்தோர் ஏறத்தாழ 110 பேர். எண்ணியதால் வந்த காப்பு அது.

கடல் கடந்து செல்லவும் வேண்டியதில்லை. குசராத்தின் அகமதாபாது நகரில் 2010 மே திங்களில் வெப்பம் 46.8 பாகையைத் தொட்டது. அத்திங்களில் இறந்தோர் 4,462 பேர். முன்னும் பின்னுமான ஆண்டுகளின் கணக்கோடு ஒப்பிட 1,344 பேர் மிகுதி. வெப்பச் சாவு என எழுதப்பட்டவை அவற்றுள் சிறு பகுதியே. ஆனால் மொத்தச் சாவுகளை ஆய்வாளர் எண்ணியதால் உண்மை வெளிப்பட்டது. அந்நகர் 2013-இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. தெற்காசியாவில் அதுவே முதலாவது. 45 பாகை எட்டினால் செந்நிற எச்சரிக்கை என வரையறுத்தது; மருத்துவப் பணியாளரைப் பயிற்றியது; குடிசைக் கூரைகளுக்கு வெள்ளை பூசியது. மருத்துவமனை ஒன்றில் மேல்தளத்துப் பச்சிளங்குழவியர் பிரிவைக் கீழே மாற்றினர். இத்தகைய எளிய செயல்களால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,190 சாவுகள் தவிர்ந்தன என்று 2018-இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

தமிழகத்தின் வெயில் குசராத்தின் வெயில் அன்று. இந்திய வானிலைத் துறை சமவெளியில் 40, கடற்கரையில் 37 பாகையைத் தொட்டு, இயல்பினும் 4.5 பாகை மிக்கால் வெப்ப அலை என்கின்றது. அக்கருவியோ காற்றோடும் மரப்பெட்டியின் நிழலில் இருப்பது. கீல்சாலையில் நிற்பவன் தலைமேல் இருப்பதன்று. மேலும், சென்னையிலும் நாகையிலும் 36 பாகையிலேயே கடற்காற்றின் ஈரத்தால் வியர்வை உலராது. உலராத வியர்வை உடலைத் தணிக்காது. தமிழ் மாந்தர் இதனை என்றோ அறிந்து, வறண்ட வெம்மையை வெக்கை என்றும் ஈரவெம்மையைப் புழுக்கம் என்றும் வேறு பிரித்தனர். சிற்றூர்க் கிழவியும் அறிந்த வேறுபாடு அது. தொலைக்காட்சிகளோ 'ஆரஞ்சு அலர்ட்' என்று அலறுகின்றன. சித்தாளுக்கு அதனால் விளங்குவது என்ன? 'இன்று புழுக்கம் கொல்லும். உச்சிப்பொழுதில் வேலையை நிறுத்துக' என்றால் விளங்கும்.

நிறுத்தினால் கூலி யார் தருவது என்பதே அடுத்த வினா. கேரளத்தில் தொழில்துறை ஆணை வழியே வேனிலில் நண்பகல் 12 முதல் 3 வரை வெயில்வேலை தடுக்கப்படுகின்றது. காலை 7 முதல் மாலை 7 வரையான பொழுதினுள் எட்டு மணிநேர வேலையை மாற்றி அமைக்கின்றனர். கத்தார் நாடு 2021-இல் சூன் முதல் செப்டம்பர் நடுவரை காலை 10 முதல் 3.30 வரை வெயில்வேலையைத் தடை செய்தது. (அங்கும் அயல்நாட்டு உழைப்பாளர் சாவுகள் பல 'இயற்கை' என்றே எழுதப்பட்டன என்னும் குற்றச்சாட்டு உண்டு. தாள் எங்கும் ஒரே வகையாகத்தான் எழுதப்படுகின்றது போலும்!) பிழைப்புக்காகப் பாலைநிலம் சென்ற தமிழ்க் கொத்தனுக்குச் சட்டம் தரும் நிழல், மதுரையிலும் வேலூரிலும் கல் சுமப்பவனுக்குக் கூலி குறையாத சட்டமாகக் கிடைத்தல் வேண்டும்.

அச்சட்டத்தை வற்புறுத்தக் கணக்கு வேண்டும். அதற்குப் புதிய துறையோ பெரும்பொருளோ தேவையில்லை. பிறப்பு இறப்புப் பதிவேடு மாநகராட்சிகளிடம் ஏற்கெனவே உள்ளது. ஏப்பிரல் முதல் சூன் வரை நாள்தோறும் எத்தனை பேர் இறந்தனர், முந்தைய ஐந்தாண்டுகளில் அதே நாளில் எத்தனை பேர் இறந்தனர் என்று இரு வரிசையாக எழுதி, அவற்றின் அருகே அந்நாளின் வெப்பத்தையும் ஈரத்தையும் குறித்துக் கிழமைதோறும் வெளியிடுக. ஓர் எழுத்தரும் ஒரு முற்பகலும் இதற்குப் போதும்.