ஏழையைத் தேடுகிறார்களாம்!

"ரேஷன் அரிசியை நிஜமான ஏழைக்கு மட்டும் கொடுத்தா போதும்டா." வகுப்பில் பாதிப் பேர் பேசும் வசனம் இது. கேட்க நல்லாத்தான் இருக்கு. சரி, அந்த ஏழையை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

1997-ல் மத்திய அரசு இதைத்தான் செய்தது. வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று மக்களைப் பிரித்தது. 2002-ல் கிராமங்களில் எடுத்த கணக்கெடுப்பில் 13 கேள்விகள். அதில் ஒன்று, வீட்டில் எத்தனை துணி இருக்கிறது என்பது! (பழைய சட்டை ஒன்று கூடினால் மார்க்கும் கூடிவிடும்.) பலன்? மானிய தானியத்தில் 58 சதவீதம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்த குடும்பங்களுக்குப் போகவே இல்லை என்று 2005-ல் திட்டக்குழுவின் ஆய்வே சொன்னது. ஒரு ரூபாயை ஏழையிடம் சேர்க்க அரசுக்கு ஆன செலவு ரூ. 3.65. காமர்ஸ் படிக்கிறோமே, நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் வறுமைக்கோடு பார்த்துக் கார்டு கொடுப்பதில்லை. அரிசி வேண்டாதவர்கள் அவர்களாகவே சர்க்கரை கார்டு வாங்கிக்கொள்கிறார்கள். "வசதியானவனும் அரிசி வாங்குறானே?" வாங்கட்டுமே! வெயிலில் பையோடு வரிசையில் நிற்க எத்தனை பணக்காரன் வருவான்? வராதவனைத் தடுப்பதற்காக, வந்து நிற்கிற பாட்டியிடம் 'நீ ஏழைதான்னு சான்றிதழ் கொண்டா' என்று கேட்கச் சொல்கிறீர்களா?