முளையை வென்ற விதை

உள்ளங்கையில் அடங்கும் ஒரு மரக்குச்சி. ஒரு முனை கூராக இருக்கும். நடுவில் காடி வெட்டி, விரல்களை நுழைத்துக்கொள்ள ஒரு தோல்வாரைக் கட்டியிருப்பார்கள். அமெரிக்காவின் அயோவா, இல்லினாய், நெப்ராஸ்கா வயல்களில் 1930கள் வரை மக்காச்சோள அறுவடை பெரும்பாலும் இந்த முளையையும், அதன் வாரிசான இரும்புக் கொக்கியையும் நம்பித்தான் நடந்தது. எலும்பிலும் மான்கொம்பிலும் இதை முதலில் செய்தவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். குடியேறியவர்கள் அவர்களுடைய நிலத்தை எடுத்துக்கொண்டார்கள், பயிரை எடுத்துக்கொண்டார்கள், கூடவே முளையையும் எடுத்துக்கொண்டார்கள்.

நம் ஊரில் தேங்காய் உரிக்கும் பாரை தரையில் ஊன்றி நிற்கும், காய்தான் அதனிடம் போக வேண்டும். இங்கே கருவி கையோடு வயல் முழுக்க நடக்கும். இடக்கை கதிரைப் பிடிக்க, வலக்கை முளை மடலைக் குறுக்கே கீறி இழுக்கும். கதிரைத் திருகி ஒடித்தால் மிச்ச மடல் தட்டையிலேயே தங்கிவிடும். உரித்த கதிர் உடனே வண்டிக்குப் பறக்கும். வண்டியின் மறுபக்கத்தில் உயரமாக நிறுத்திய பலகையில் மோதி உள்ளே விழும் என்பதால், வீசுகிறவர் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். குதிரைகளை ஓட்டத் தனி ஆள் கிடையாது, ஒரு குரல் கொடுத்தால் நாலடி நகரும். கைதேர்ந்தவர் ஒரு நாளில் நூறு புஷல் உரிப்பார். அதாவது மூன்று டன்னுக்கு மேல். மணிக்கட்டு வீங்கும், குளிரில் விரல் வெடித்து ரத்தம் கசியும். இந்த வேலையில் அழகு காண்பது அதைச் செய்யாதவர்களுக்கு எளிது.

ஆனால் அழகு கண்டவர்களில் ஒருவர் சாதாரண ஆள் இல்லை. தன் குடும்பம் நடத்திய ‘வாலஸஸ் ஃபார்மர்’ இதழின் ஆசிரியர் ஹென்றி ஏ. வாலஸ், கதிர் உரிப்பதையும் ஒரு விளையாட்டாக மதிக்க வேண்டும் என்று 1922இல் கிளப்பிவிட்டார். போட்டிக்கு எண்பது நிமிடம் நேரம். தட்டையில் விட்டுப்போன கதிருக்கும், கதிரில் ஒட்டியிருக்கும் மடலுக்கும் எடையில் கழிவு. வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. 1940இல் இர்விங் பாமன் 46.71 புஷல் உரித்துச் சாதனை படைத்தார். ஏறக்குறைய ஒன்றரை டன். மறு ஆண்டு இல்லினாயின் டோனிகா என்ற சிற்றூரில் கூடிய கூட்டம் லட்சத்தைத் தாண்டியது. அதோடு அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்க, போட்டி நின்றது.

முளையை எந்திரம் வீழ்த்தியது என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. கதிர் ஒடிக்கும் எந்திரத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அது வயலுக்குள் வரத் தயங்கியதற்குப் பயிரும் ஒரு காரணம். பழைய ரகங்கள் சாயும், படுக்கும், ஆளுக்கொரு உயரத்தில் கதிர் விடும். குனிந்து தேடி எடுக்க மனிதக் கைக்குத் தெரியும், எந்திரத்தின் உருளைக்குத் தெரியாது. வீரிய ஒட்டுரகத்தின் தட்டை உறுதியாக நிமிர்ந்து நின்றது. 1930களின் நடுவில் அயோவாவில் அரிதாக இருந்த அந்த விதை, சில ஆண்டுகளிலேயே பெரும்பகுதி நிலத்தைப் பிடித்தது. டிராக்டரோடு எந்திரமும் பின்னாலேயே நுழைந்தது.

அந்த விதையை விற்க 1926இல் நிறுவனம் தொடங்கியவரும் இதே வாலஸ்தான். பின்னாளில் வேளாண் அமைச்சராகி, துணை அதிபராகவும் உயர்ந்தவர். ஒரு கையால் உரிப்பவருக்குக் கோப்பை, மறு கையால் அவர் வேலைக்கு முற்றுப்புள்ளி. இதை இரட்டை வேடம் என்று சொல்ல மாட்டேன். நல்ல கதிர், நல்ல கை இரண்டையுமே அவர் உண்மையாக ரசித்தார். ஒன்று மற்றதைத் தின்னும் என்பதைப் போட்டி பார்க்க வந்தவர்களும் யோசித்ததாகத் தெரியவில்லை.

எந்திரம் வந்ததும் உழைப்பாளியின் கை தப்பித்தது என்றும் சொல்ல முடியாது. சிக்கிய தட்டையை, ஓட்டத்தை நிறுத்தாமல் பிடுங்கப்போய் விரல்களையும் கைகளையும் இழந்த விவசாயிகள் ஏராளம்.

1970களில் போட்டி மறுபடி உயிர்பெற்றது, இன்றும் பல மாநிலங்களில் நடக்கிறது. போட்டியாளர்கள் பழைய கொக்கிகளைத் தேடிப்பிடித்து மாட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் முன்னால் வரிசையாக நிற்பது என்னவோ எந்திரத்துக்குத் தோதாக வளர்த்தெடுத்த ஒட்டுரகம்தான்.