வளர்வது மயிரன்று, இலாபம்!

வழுக்கையால் எவரும் மாண்டதில்லை. அதனால் எந்த உழைப்பாளியின் கையும் சோர்ந்ததில்லை. எந்த அறிஞனின் சிந்தையும் மழுங்கியதில்லை. பரம்பரை இயல்பும் ஆண்பால் ஓமோனும் சேர்ந்து மயிர்வேர்களைச் சிறுகச் சிறுக ஒடுங்கச் செய்கின்றன. பெரும்பாலான ஆண்களின் வழுக்கைக்குக் காரணம் இவ்வளவே. இந்த இயல்பான மாற்றத்தை அவமானம் ஆக்கியவர்கள் யார்? அந்த அவமானத்துக்கு விலை குறித்தவர்கள் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் ஐக்கிய அமெரிக்காவில் நடந்த ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும்.

1970களில் அந்நாட்டில் ஒரு புதிய வாணிபம் தலையெடுத்தது. பொலியெஸ்ரர் போன்ற செயற்கை இழைகளைத் தலைத்தோலிற் குத்தி நட்டு, இழந்த இளமையை மீட்டுத் தருவதாகக் கூறி விற்றார்கள்.

இயற்கை மயிர் தோலினுள்ளே தனக்கென அமைந்த பையில் வேரூன்றி நிற்கிறது. நட்ட இழைக்கோ வேருமில்லை, பையுமில்லை. அது தோலைத் துளைத்து நிற்கும் ஓர் அந்நியப் பொருள். அதன் ஓரமாகவே கிருமிகள் உள்ளே இறங்க வழி திறந்து கிடக்கிறது. உடல் அதை ஏற்க மறுக்கிறது. தோல் வீங்குகிறது, சீழ் கட்டுகிறது. இழை முறியும்போது அதன் அடித்துண்டு உள்ளேயே தங்கிவிடுகிறது. அதை அகற்றச் சத்திரசிகிச்சை. அதன்பின் மாறாத தழும்பு. தழும்பு விழுந்த இடத்தில் எஞ்சியிருந்த சொந்த மயிரும் அழிகிறது. மயிர் வேண்டிப் போனவன் இருந்ததையும் இழந்து திரும்புகிறான்!

மருத்துவ சாதனங்களை விற்பனைக்கு முன்னரே பரிசீலிக்கும் பரந்த அதிகாரம் 1976 வரை அமெரிக்க அரசுக்கு இருக்கவில்லை. அவ்வாண்டிலேதான் அதற்கான சட்டம் பிறந்தது. ஏழாண்டுகள் கழித்து, 1983இல், தலையில் நடும் செயற்கை இழைகளை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் தடைசெய்தது. அச்சட்டத்தின் கீழ் ஒரு சாதனம் தடைசெய்யப்பட்டது அதுவே முதற்றடவை. அடுத்த தடை 2016இலேதான் வந்தது. மூலதனத்தின் கோட்டையாகிய அந்நாடே பொறுக்கமாட்டாத தீங்கு எத்தகையதென்று நாம் விளக்கவும் வேண்டுமோ?

ஆனால், தடை அந்நாட்டு எல்லையோடு நின்றுவிட்டது. பின்னர் பொலிஅமைட் இழைகள் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தன. பொருள் திருந்தியிருக்கலாம், ஆயினும் அவ்விழையும் வளர்வதில்லை. காலப்போக்கில் முறிந்து உதிர்கிறது; மீண்டும் நடவேண்டும். ஒருமுறை சென்றவன் என்றும் வாடிக்கையாளன்.

"அவனவன் தலை, அவனவன் பணம், இதில் உங்களுக்கென்ன?" என்று சிலர் கேட்பர். தீங்கை மறைத்து இலாபத்தை மட்டும் காட்டும் சந்தையில் ஒருவன் செய்யும் தெரிவு சுதந்திரமாகுமா? அது அறியாமையின் அடிமைத்தனம்.

விஞ்ஞானத்தை நாம் பழிக்கவில்லை. ஒருவரின் சொந்த மயிர்வேரையே இடம்மாற்றி நடும் சிகிச்சை வேறு. இரத்த அழுத்த மருந்தாகத் தோன்றிய மினொக்சிடில், 1988இல் வழுக்கைக்குப் பூசும் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பூசுவதை நிறுத்தினால் அதன் பயனும் நின்றுவிடும் என்பதை மருத்துவம் ஒளிக்கவில்லை. உண்மையான மருத்துவம் தன் எல்லையைத் தானே கூறும். வாணிபமோ எல்லையின்மையையே விற்கும்.

இறுதியாக, நம்மையும் நாம் விசாரிப்போம். வழுக்கை விழுந்த ஆசிரியருக்குப் பட்டப்பெயர் சூட்டி வகுப்பறையிற் சிரித்தவர்கள் யார்? கதையிலும் நாடகத்திலும் கேலிச்சித்திரத்திலும் வழுக்கையை நகைப்புக்குரியதாக்கியவர்கள் யார்? வியாபாரி விதைக்குமுன் நிலத்தை உழுது கொடுத்தவர்கள் நாமே. ஏமாந்தவனை எள்ளுவது நமது பணியன்று. அவனை ஏமாறத் தூண்டிய வெட்கத்தை வேரறுப்பதே நமது பணி. விற்பவன் கூறுவதற்குச் சான்று கேட்கவும், பிறர் உருவத்தை நகையாமலிருக்கவும் மாணவருக்குக் கற்பிப்போம். வெட்கம் ஒழிந்த இடத்தில் இந்த வியாபாரத்துக்கு வேலையில்லை.