வைக்கோல் உருளைக்கு நிழல் உண்டு

சம்பா அறுவடை தொடங்கியதும் டெல்டா மாவட்டங்களுக்குக் கேமராக்கள் வந்துவிடுகின்றன. அறுத்து முடித்த வயல், அதில் ஆங்காங்கே கிடக்கும் வைக்கோல் உருளைகள், பின்னால் சாயும் சூரியன். படத்துக்குக் கீழே 'சோழவள நாடு', 'மண்ணின் மணம்' என்று ஒரு வரி. படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன, அதை நாங்கள் மறுக்கவில்லை. அந்தப் பரந்த வயலில் ஏன் ஒரு மனிதர்கூட இல்லை என்பதே எங்கள் கேள்வி.

நாகை மாவட்டத்தின் ஒரு சேரியில் நாங்கள் வேலை செய்துகொண்டிருந்தபோது நடந்தது இது. அறுவடை முடிந்த வயலில் இரண்டு பெண்கள் சிந்திய கதிர் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். படமெடுக்க வந்த இளைஞர் ஒருவர், "அக்கா, கொஞ்சம் தள்ளிப் போங்க, ஃபிரேம்ல வர்றீங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இருவரும் வரப்பேறி நின்றார்கள். மூத்தவர் எங்களிடம் கேட்டார்: "நாத்துப் பறிச்சது நாங்க, நட்டது நாங்க, களை எடுத்தது நாங்க. போட்டோவுக்கு மட்டும் நாங்க ஆகாதா தம்பி?"

படத்தில் அழகாகத் தெரியும் அந்த உருளைக்கும் ஒரு கதை உண்டு. முன்பு அரிவாளால் அறுத்து, கட்டுக்கட்டித் தலையில் சுமந்து, களத்தில் கதிரடித்து, வைக்கோலைப் போராக்கும்வரை எங்கள் மக்களுக்குப் பல நாள் வேலை இருந்தது. இன்று அறுவடை இயந்திரம் ஒரு ஏக்கரைச் சுமார் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. அடுத்து வைக்கோல் கட்டும் இயந்திரம் வந்து சுருட்டிப் போட்டுவிட்டுப் போகிறது. குடிசைக்குக் கூரையாகவும், ஒற்றை மாட்டுக்குத் தீனியாகவும் இருந்த வைக்கோல் இப்போது கட்டுக் கணக்கில் விலைபோய், கேரளம்வரை லாரியில் பயணிக்கிறது.

இயந்திரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சாட்டையடியும் சாணிப்பாலும் கலந்த பழைய பண்ணை வேலையை நினைத்து ஏங்குவதற்கு எங்களிடம் எந்தக் காரணமும் இல்லை. வேலை போன இடத்தில் நிலம் வந்ததா என்றுதான் கேட்கிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் சாகுபடி செய்த பரப்பு சுமார் 9 சதவீதம்தான். தமிழ்நாட்டில் மக்கள்தொகையில் 20 சதவீதமாக இருக்கிறோம். 1892இல் தொடங்கி ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களை மீட்க இன்னமும் மனுவோடு அலைகிறோம்.

இதே சமவெளியில்தான் கீழ்வெண்மணி இருக்கிறது. கூலியாக நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டவர்களின் குடும்பங்கள், 1968 டிசம்பர் 25 இரவில் ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டன. இறந்தவர்கள் 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். 1973இல் உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. இந்த வயல்களைப் படமெடுத்து 'அமைதி' என்று தலைப்பிடும்போது, யாருடைய அமைதி அது?

படமும் ஓவியமும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிரான்சில் மில்லே 1857இல் வரைந்த 'கதிர் பொறுக்குவோர்' ஓவியத்திலும் வைக்கோல் போர்கள் உண்டு. அவை தூரத்தில், வெளிச்சத்தில் நிற்கின்றன. முன்னால் குனிந்து கதிர் பொறுக்கும் மூன்று ஏழைப் பெண்கள்தான் ஓவியத்தை நிறைக்கிறார்கள். அன்றைய மேல்தட்டினர் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஏழைகளை 'ஃபிரேமிலிருந்து' தள்ளி நிற்கச் சொல்லாததே மில்லே செய்த குற்றம்.

எங்கள் மாலைநேரப் படிப்பக மாணவிகளிடம் கைபேசியைக் கொடுத்து, வயலைப் படமெடுத்து வரச் சொன்னோம். ஒருத்தி அதே வைக்கோல் உருளையை எடுத்து வந்தாள். அதன் நிழலில் அவளுடைய பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். எங்களில் யாருக்கும் அந்த உருளைக்கு ஒரு நிழல் இருப்பது அதுவரை தோன்றவில்லை.

நண்பர்களே, படம் எடுங்கள். எடுப்பதற்கு முன் இது யார் நிலம், யார் நட்டது, என்ன கூலி என்று கேளுங்கள். வயலில் நிற்பவரைத் தள்ளிப் போகச் சொல்லாதீர்கள். அவர் சம்மதித்தால், பெயரைக் கேட்டுப் படத்தின் கீழே எழுதுங்கள்.